குறி சொல்வதா, நாள் குறிப்பதா?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்று வந்த ஆழிப்பேரலையில் அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்களும் அதில் உண்டு. அப்படி ஒரு நாளுக்குப் பிறகு விசுவாசிகளிடம் இரண்டு கேள்விகள் எழும். "செத்தவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்பது ஒன்று. "இது கடைசிக் காலத்தோட அடையாளமா?" என்பது மற்றொன்று. முதலாவது மறுமையைப் பற்றியது, இரண்டாவது தீர்க்கதரிசனத்தைப் பற்றியது. இந்த இரண்டையும் பைபிள் எப்படி எதிர்கொள்கிறது, நம்ம காவிரிக் கரையில் அதை எப்படி வாசித்தார்கள் என்று தேடியதில் கிடைத்தவை இவை.

முதலில் சொற்கள்

சாதாரணமாக நாம் "மோட்சத்துக்குப் போயிட்டார்" என்கிறோம். ஜான் பனியனின் கதையே தமிழில் 'மோட்சப் பயணம்' என்றுதான் நிலைத்திருக்கிறது. மோட்சம் என்றால் விடுதலை. உடம்பையும் உலகத்தையும் விட்டுவிட்டு ஆத்துமா மேலே போய்ச் சேருவது என்ற படம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

ஆனால் புதிய ஏற்பாட்டின் பிரதான நம்பிக்கை அதுவல்ல, உயிர்த்தெழுதல். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு அன்றைக்கே பரதீசு உண்டு என்கிறார், உண்மைதான். ஆனால் அந்த இளைப்பாறுதலோடு கதை முடிவதில்லை. உடம்பு எழுவதும், நியாயத்தீர்ப்பும், புதிய வானமும் புதிய பூமியும் அதற்குப் பிறகு இருக்கின்றன. அதாவது செத்ததும் போகிற இடம் ஒரு காத்திருப்பு, கடைசி ஊர் அது இல்லை.

தண்டனைப் பக்கமும் இப்படித்தான். பாதாளம், நரகம் இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் அவை வேறு வேறு. ஐசுவரியவானும் லாசருவும் வரும் கதையில் (லூக்கா 16) ஐசுவரியவான் இருப்பது பாதாளத்தில். வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவிலோ அந்தப் பாதாளமே அக்கினிக்கடலில் தள்ளப்படுகிறது. பாதாளமும் நிரந்தரமில்லை என்று அர்த்தம். கத்தோலிக்கர்கள் இதற்கிடையில் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். அதனால்தான் நவம்பர் 2-ல் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி இறந்தவர்களுக்காக மன்றாடுகிறார்கள். லுத்தரன்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரர்களை மறுத்துப் புத்தகமே எழுதினார். 18-ம் நூற்றாண்டிலேயே டெல்டாவில் இந்த வாதம் சூடாக நடந்திருக்கிறது.

உயிர்த்தெழுதல் எப்படிப்பட்டது என்று கேட்டால் பவுல் விதையைக் காட்டுகிறார் (1 கொரிந்தியர் 15). இதைத் தஞ்சாவூர்க்காரருக்கு விளக்கவே வேண்டாம். விதைநெல்லை ஊறப்போட்டு, முளைகட்டி, நாற்றங்காலில் தெளிக்கிறவருக்குத் தெரியும். விதையும் கதிரும் ஒண்ணா? ஒண்ணில்ல. அப்ப வேறயா? வேறயும் இல்ல. போட்ட நெல் அந்த உருவில் திரும்பி வராது, ஆனால் அது போடாமல் இது வராது.

கீழே வரும் நகரம்

சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அங்கேயே அச்சாகி முடிந்தது. 1718-ல் பிரதிஷ்டையான தேவாலயத்துக்கு வைத்த பெயர் 'புதிய எருசலேம்'. மறு வருஷமே அவர் இறந்தார், அதற்குள்ளேயே அடக்கமானார்.

அந்தப் பெயர் வெளிப்படுத்தின விசேஷம் 21-ம் அதிகாரத்தை நினைவுபடுத்தும். அங்கே மனிதர்கள் மேலே போவதில்லை. நகரம்தான் கீழே இறங்கி வருகிறது, கடவுள் மனிதரோடு குடியிருக்க வருகிறார். மோட்சம் என்ற சொல் ஏறச் சொல்கிறது, தேவாலயத்தின் பெயர் இறங்கி வருவதைச் சொல்கிறது. திசையே வேறு.

அதே அதிகாரத்தில், புதிய பூமியில் கடல் இருக்காது என்றும் வருகிறது. கடலை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரர் இதைப் படித்தால் "அப்ப நாங்க எங்க போறது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. எபிரேய மரபில் கடல் அடங்காத குழப்பத்தின் உருவம். தானியேல் கண்ட மிருகங்களும், வெளிப்படுத்தலின் மிருகம் ஒன்றும் கடலிலிருந்தே எழுகின்றன. ஆகவே கடல் இல்லை என்றால் விழுங்குகிற சக்தி இனி இல்லை என்று பொருள். இது புவியியல் பாடம் இல்லை. தீர்க்கதரிசனத்தின் மொழி இப்படித்தான் பேசும்.

நாள் குறித்தவர்கள்

இந்த மொழியைப் பஞ்சாங்கமாக வாசித்தவர்களும் உண்டு. ஜெர்மானிய அறிஞர் பெங்கல் எண்களைக் கூட்டிக் கழித்து 1836 என்றார். அமெரிக்காவில் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்றார்கள். நமக்குப் பக்கத்திலும் நடந்தது. திருநெல்வேலிப் பக்கம் 1860-ல் எழுந்த எழுப்புதல் பின்னர் திருவிதாங்கூருக்கும் போனது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமையனாகப் பிறந்த யுஸ்தூஸ் யோசேப்பு அங்கே அதன் தலைவர்களில் ஒருவரானார். அவரைச் சேர்ந்தவர்கள் 1881-ல் வருகை நடக்கும் என்று காத்திருந்தார்கள். எல்லா வருஷங்களும் மற்ற வருஷங்களைப் போலவே கழிந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நாளும் நாழிகையும் ஒருவருக்கும் தெரியாது என்று இயேசுவே சொல்லிவிட்டார் (மத்தேயு 24:36). இவர்கள் அந்த அதிகாரத்தைப் படிக்காதவர்கள் இல்லை.

அப்படியானால் தீர்க்கதரிசனம் எதற்கு? இதற்குத் தஞ்சாவூரே ஒரு பதில் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரும் சரபோஜி மன்னரின் நண்பருமான வேதநாயகம் சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குறவஞ்சியின் அமைப்பு நமக்குத் தெரிந்ததுதான். தலைவி தலைவனை நினைத்து ஏங்குவாள், குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்வாள். சாஸ்திரியார் தலைவியைத் திருச்சபையாகவும் தலைவனைக் கிறிஸ்துவாகவும் வைத்தார். வெளிப்படுத்தலில் வரும் மணவாட்டியேதான் இவள்.

குறவஞ்சியில் குறத்தியின் வேலை என்ன? கிழமையும் நாழிகையும் எழுதிக் கொடுப்பதில்லை. அவர் யார், எப்படிப்பட்டவர் என்று சொல்லி, வருவார் என்று தைரியம் கொடுப்பது. காத்திருப்பவள் சோர்ந்துபோகாமல் இருக்கச் சொல்வதுதான் குறி. ரோம ஆட்சியில் ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட வெளிப்படுத்தின விசேஷமும் இதையேதான் செய்கிறது.

அலையைப் பற்றி

2004-க்குத் திரும்புவோம். கடைசிக் காலத்தில் கடல் முழங்கும் என்று லூக்கா 21-ல் இருக்கிறது. அதை வைத்து இது தண்டனை என்று பேசியவர்கள் உண்டு. வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் வராததை அற்புதம் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படியானால் கரையில் நின்ற யாத்ரீகர்கள்? அவர்கள் மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே?

அதே லூக்காவில் 13-ம் அதிகாரத்தையும் படிக்க வேண்டும். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்திருந்தார்கள். அவர்கள் மற்ற எல்லாரையும் விடப் பாவிகளா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். பிறகு உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களின் கணக்கை அவர் நம் கையில் கொடுக்கவில்லை.

மத்தேயு 13-ல் களைகளின் உவமையும் இதையே சொல்கிறது. வயலில் குதிரைவாலி கதிர் வரும்வரை நெல் மாதிரியேதான் நிற்கும். அறுப்பு வரைக்கும் பிடுங்காதே என்கிறார் எஜமான். அறுப்பு அவருடையது. இறந்தவர்களுக்கு என்ன தீர்ப்பு என்று மீன்பிடி கிராமத்தில் போய்ப் பிரசங்கம் பண்ணுவது நம் வேலை இல்லை. அவர்கள் வீட்டில் யார் மிச்சம், சாப்பிட்டார்களா என்று பார்ப்பதுதான் நம் வேலை.