தள்ளாடும் நடைக்கு வயதைப் பழிக்காதீர்கள்

எழுபது வயதைத் தாண்டியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டால், "ரெண்டு வருஷமாவே காலைத் தேய்ச்சுத்தான் நடக்கிறார் டாக்டர்" என்கிறார் மகன். சிறுநீரை அடக்க முடியவில்லை, மறதியும் கூடியிருக்கிறது. இம்மூன்றும் சேர்ந்தால் மூளையின் அறைகளில் நீர் தேங்கியிருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். 1965-இல் கொலம்பிய மருத்துவர் சலோமோன் ஹக்கீம் விவரித்த நோய் இது. முதுமை மறதிக்கான காரணங்களில் சிகிச்சைக்கு இணங்கும் வெகு சிலவற்றுள் ஒன்று. அந்த வாய்ப்பை வீட்டிலேயே தொலைத்துவிட்டு வருகிறார்கள்.

தாமதப்படுத்தும் நம்பிக்கைகள்

"வயசானா அப்படித்தான்": வயது நடையின் வேகத்தைக் குறைக்கும். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் எடுத்துவைக்க முடியாமல் போவது நோய்.

"தலையில் நீர் கோத்திருக்கு, ஆவி பிடிச்சா போதும்": சளியால் வரும் தலைபாரம் வேறு, இது வேறு. மூளையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் சுரந்து வடிகிறது. வடிவது கெட்டால் ஆவியோ சுக்குப் பற்றோ அதைத் தொடக்கூட முடியாது.

"தண்ணியைக் குறைச்சா சரியாகும்": மூளை நீர் குறையாது. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும்தான் மிஞ்சும்.

"பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை": இந்த நடையை நடுக்குவாதம் என்று நினைத்து, அதற்கான மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுப்பதை எத்தனை முறைதான் கண்டிப்பது? முதியவருக்கு அது மனக்குழப்பத்தையும், ரத்த அழுத்தம் இறங்கி விழும் ஆபத்தையும் கொண்டுவரலாம்.

ஸ்கேனில் அளப்பது

மூளை அறைகளின் முன்பகுதி அகலத்தை மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுப்பது எவன்ஸ் குறியீடு, 0.3-ஐத் தாண்டினால் அறைகள் விரிந்திருக்கின்றன. மூளை சுருங்கினாலும் இந்த எண் கூடும் என்பதால், ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். முதுகிலிருந்து 30 முதல் 50 மி.லி. நீரை எடுத்து, நடை தேறுகிறதா என்றும் பார்ப்போம்.

"தலையில் ஆபரேஷனா?"

மூளை அறையிலிருந்து வயிற்றுக்குள் நீரை வடிக்கும் மெல்லிய குழாயான ஷன்ட் வைப்பதே சிகிச்சை. தொற்று, அடைப்பு, ரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகள் உண்டு. பொருத்தமானவருக்குப் பெரும்பாலும் நடைதான் நன்றாகத் தேறும். மறதி அந்த அளவுக்குத் தேறாது. தாமதித்து வந்தால் பலன் இன்னும் குறையும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

பலருக்கு இது ஏன் வருகிறது என்றே தெரிவதில்லை. அதைத் தடுக்க வழியில்லை. ஆனால் தலைக்காயம், மூளை ரத்தக்கசிவுக்குப் பின்னும் வரும். ஹெல்மெட் போடுங்கள், பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்பா, அம்மாவின் நடை மாறினால் செல்போனில் படம் பிடியுங்கள். அதோடு பழைய ஸ்கேன்களையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் வாருங்கள். அவர்கள் சொந்தக் காலில் நடக்கும்போதே அழைத்து வாருங்கள்.