கடைத்தெருவை மீட்போம் – 7: இடிக்கும் முன் ஒரு கணக்கு

மணவாளக்குறிச்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மணல்தான் நினைவுக்கு வரும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் இந்தக் கடற்கரை மணலில் மோனசைட் கனிமத்தைக் கண்டறிந்ததிலிருந்து ஊரின் பெயர் உலகச் சந்தையில் அடிபடுகிறது. உள்ளூர்ச் சந்தையைப் பற்றித்தான் பேச்சு இல்லை. இப்படிப்பட்ட பேரூராட்சிகளில் கடைத்தெருவுக்குப் புத்துயிர் கொடுப்பதென்றால், ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கண்ணாடி முகப்போடு கான்கிரீட் வளாகம் எழுப்புவதென்றே பலரும் நினைக்கிறோம். பழையதைப் பழுதுபார்த்து, அந்தச் செலவை ஊரோடு பங்கிட்டுக்கொள்வதே மலிவான வழி. பசுமையான வழியும் அதுதான்.

முதலில் கட்டடம். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. நிற்கிற சுவரைக் காப்பாற்றினால் அந்த அளவுக்குப் புதுச் சிமென்ட் தேவையில்லை. கடலோர ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பூச்சு வெடித்து உதிரும். சரிந்த ஓட்டுக்கூரையும் காற்றோட்டமுள்ள மரவேலைப்பாடும் இந்த மண்ணின் மழைக்கும் புழுக்கத்துக்கும் எப்படி ஈடுகொடுக்கும் என்பதற்குப் பத்மநாபபுரம் அரண்மனையே சான்று. புதிதாகக் கட்டியே ஆகவேண்டிய இடத்துக்கும் வழி உண்டு. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கற்களைக் குத்துவசமாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விடுவார்கள். சுமார் கால் பங்குச் செங்கல் மிச்சம். வெயிலின் சூடும் எளிதில் உள்ளே வராது.

அடுத்தது பணம். புதுச்சேரியின் வைசியாள் வீதியில் 2000களின் தொடக்கத்தில் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு, அரசு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித் திட்டம், வீட்டு உரிமையாளர்கள் எனப் பலர் கைகோத்து வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீரமைத்தார்கள். 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. இங்கே பேரூராட்சி, வணிகர்கள், கட்டட உரிமையாளர்கள் ஆகியோரோடு, இங்கு ஆலை நடத்தும் பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல்லும் சேரலாம். லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம்.

புதுச்சேரிக்குச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், இங்கே யார் வருவார்கள் என்று கேட்கலாம். மீன், தேங்காய், மளிகை வாங்க அன்றாடம் வருகிறவர்களுக்கு நிழலும் நடைபாதையும் வேண்டாமா? அவர்கள் நின்று வாங்கினால்தான் கடைக்கு வருமானம். பழைய கட்டடம் ஆபத்து என்பது கனமான எதிர்வாதம். ஆகவே பொறியாளர் சான்று இல்லாமல் எதையும் காப்பாற்றக் கூடாது, எதையும் இடிக்கவும் கூடாது. நிறுவனப் பணம் வாங்கினால் ஊர் வாய்மூடிவிடும் என்ற அச்சம் இன்னும் கனமானது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் இதே ஐஆர்இஎல் மணல் அள்ளும் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பை 2024இல் பார்த்தோம். ஆனால் சட்டப்படியான செலவு சுரங்க அனுமதிக்கான விலை அல்ல. பணம் பேரூராட்சியின் தனிக் கணக்கில் வந்து, வரவுசெலவு ஊர்ப் பலகையில் ஏறினால் பேரத்துக்கு இடம் குறையும். வாடகை உயர்ந்து சிறு வியாபாரி வெளியேறாமலிருக்க, உதவி பெறும் உரிமையாளர் சில ஆண்டுகளுக்கு வாடகையைக் கூட்டக் கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். நடைபாதை வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் தருகிறது. அந்தக் குழுவைக் கூட்டாமல் வரையும் எந்த வரைபடமும் அவர்களை அப்புறப்படுத்தும் வரைபடமாகவே முடியும்.

(அடுத்த வாரம்: சந்தைக் கழிவும் மழைநீர் ஓடையும்)