பானட்டை மூடு, கதவைத் திற! – பழைய ஜாகுவார் காரின் உள்வேலை

கார் என்றதும் நம்ம மெக்கானிக்கல் நண்பர்கள் முதலில் பானட்டைத்தான் தூக்குவார்கள். எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத்திறன் என்றுதான் பேச்சு போகும். ஆனால் காருக்குச் சொந்தக்காரர் உட்காருவது எஞ்சின் மேலே இல்லையே! அவர் தொடுவது ஸ்டியரிங்கை, சாய்வது சீட்டில், பார்ப்பது டேஷ்போர்டை. எஞ்சினில் ஒரு பாகம் போனால் வேறு வாங்கி மாட்டலாம். உள்ளே இருக்கிற மரமும் தோலும் அப்படி இல்லை. வெட்டினால் வெட்டினதுதான். அதனால்தான் இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்கு ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வண்டி. 1975-ல் வந்தது, 1996 வரை ஓடியது. ஆரம்பத்தில் 5.3 லிட்டர் வி-12 எஞ்சின். (ஜாகுவாரை நம்ம டாடா மோட்டார்ஸ் 2008-ல் வாங்கியது.) ஒரு வேடிக்கை என்னவென்றால், சொகுசுக்குப் பேர் போன இந்தக் காரில் முதலில் மரமே கிடையாது! கறுப்பும் உலோகப் பளபளப்புமாக, விமான அறை மாதிரி இருந்தது. எண்ணெய் அழுத்தம், தண்ணீர் சூடு, பெட்ரோல், பேட்டரி ஆகிய நாலுக்கும் முள் சுற்றுகிற வட்ட மீட்டர் இல்லை. உருளை உருளும் மீட்டர்கள். 1981-ல் எச்.இ. மாடல் வந்தபோதுதான் டேஷ்போர்டிலும் கதவிலும் எல்ம் மரத்தின் முண்டு வெனீரும், சீட்டில் உயர்ந்த தோலும் வந்தன. 1991-ல் முகத்தைத் திருத்தியபோது உருளை மீட்டர்கள் போய் வட்ட மீட்டர்கள் வந்தன. ஆக, "ஒரிஜினல்" என்று யாராவது சொன்னால், "எந்த வருஷத்து ஒரிஜினல்?" என்று கேளுங்கள். 1976 வண்டிக்குள் மரம் ஒட்டி அழகு பார்க்கிற வேலை எனக்குப் பிடிக்காது.

இனி வேலைக்கு வருவோம். பளபளப்பு, கலர், பாட்டுப் பெட்டி எல்லாம் அப்புறம். முதலில் தண்ணீர்! பழைய காரின் உட்புறத்தைக் கெடுப்பதில் முதல் எதிரி அதுதான். கார்ப்பெட்டின் மேல் பகுதி காய்ந்திருக்கும். கையை அடியில் விட்டால் ஊறிப்போன ஃபெல்ட். அந்த ஈரம் மாதக்கணக்கில் நின்றால் தரைத் தகரம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மேலே புதுக் கார்ப்பெட் போட்டு மூடினால் துருவுக்குப் போர்வை போர்த்திய கதைதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லை. கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு, தகரத்தின் மேல் பழைய செய்தித்தாளைப் பரப்புங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும், இன்னொருவர் வெளியே குழாயால் தண்ணீர் விடட்டும். கீழேயிருந்து ஆரம்பித்து, ஒரு நேரத்தில் ஒரே இடம்: கதவு ரப்பர், பிறகு முன்கண்ணாடி ரப்பர். கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போகும் பள்ளத்தையும் பாருங்கள். அங்கே இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வடிய வழியில்லாமல் உள்ளே இறங்கும். மழையே இல்லாமல் கால் வைக்கும் இடம் நனைந்தால் ஏ.சி. வடிகுழாய் அடைப்பு என்று சந்தேகப்படலாம். இந்தக் காரில் அது அடிக்கடி வருகிற வியாதி. நனைந்த இடத்தில் இனிப்பு வாசனையும், முன்கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுப்பும் இருந்தால் அது மழைத்தண்ணீர் இல்லை. ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகி கூலன்ட் வருகிறது. அதைத் துணியால் துடைத்து என்ன பயன்?

அடுத்தது எல்லாரும் சிரிக்கிற, சொந்தக்காரர் மட்டும் அழுகிற சமாசாரம்: கூரைத் துணி தொங்குவது. ஓட்டுகிறவர் தலையில் துணி வந்து உட்காரும், காற்றில் படபடக்கும். "பசை விட்டுப்போச்சு, குண்டூசி குத்தினா சரியாயிடும்" என்பார்கள். சரியாகாது. ஏன் தெரியுமா? பல வண்டிகளில் பசை இன்னும் நன்றாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். செத்துப்போனது நடுவில் இருக்கிற ஃபோம். துணியின் முதுகில் மெல்லிய பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியிருக்கும். காற்றின் ஈரமும் கூரையின் சூடும் சேர்ந்து பல வருஷத்தில் அதன் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துவிடும். இதற்கு நீராற்பகுப்பு என்று பேர். கெமிஸ்ட்ரி பாடத்தில் படித்ததுதான். தொட்டால் மஞ்சள் தூளாக உதிரும். தூளின் மேல் எந்தப் பசையை ஊசியால் ஏற்றினாலும் அது தூளைத்தான் பிடிக்கும், கூரையை அல்ல.

ஆகவே பலகையை வெளியே எடுத்தே ஆக வேண்டும். வெயில் மறைப்பு, உள்கண்ணாடி, விளக்கு, ஓரப்பட்டிகள் எல்லாவற்றையும் கழற்றி, வார்ப்புப் பலகையை இரண்டு பேர் பிடித்து, வளைக்காமல் இறக்க வேண்டும். பழைய துணியை உரித்தபின் மிச்ச ஃபோமை நைலான் பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்து எடுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். இங்கே பொறுமை போனால் எல்லாம் போச்சு. ஒரு கைப்பிடித் தூள் மிஞ்சின இடத்தில் ஆறே மாதத்தில் கொப்புளம் வரும். புது ஃபோம் துணியின் முதுகிலும் பலகையிலும், இரண்டிலும், பசை தெளிக்க வேண்டும். விரலில் ஒட்டாத பக்குவம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவி ஒட்டுங்கள். பள்ளமான இடத்தில் துணியை இழுத்துப் பாலம் கட்டிவிடாதீர்கள். பிறகு அதுவே முதலில் கழலும். வெயிலில் நிற்கும் கார்க் கூரை 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடியது. சாதாரணக் கைவினைப் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். வாகனக் கூரைக்கென்று விற்கும் சூடு தாங்கும் பசைதான் வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கிற பணம் திரும்பவும் அதே வேலை செய்யத்தான் உதவும்.

தோலுக்கு வருவோம். ஜாகுவாருக்குத் தோல் கொடுத்தது இங்கிலாந்தின் கனோலி நிறுவனம்; 1878-ல் தொடங்கி 2002-ல் தோல் பதனிடுவதை நிறுத்திக்கொண்டது. அதே தோல் இனி புதிதாகக் கிடைக்காது என்பதால் இருப்பதைக் காப்பாற்றுவதே மரியாதை. நம்ம ஊரில் தோல் என்றால் உடனே தேங்காய் எண்ணெய்! வேண்டாம் ஐயா. கார் சீட்டுத் தோலின் மேல் நிறப்பூச்சு ஒரு படலமாக இருக்கிறது. எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே போகாது. மேலே நின்று தூசியைப் பிடிக்கும், நாளடைவில் நாறும். பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மை உடையது என்பதால் துணி சோப்பும் ஆகாது. தோலுக்கென்று உள்ள மிதமான கிளீனர், மென்மையான பிரஷ், ஈரத்துணி, நிழலில் உலர்த்தல். இவ்வளவுதான் பராமரிப்பு.

தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி இறங்கும்போது கதவுப் பக்கத்து மேடுதான் தேயும். அங்கே நிறம் உரிந்து மயிரிழை வெடிப்பு தெரிந்தால் சீட்டை மாற்ற வேண்டியதில்லை. அழுக்கும் பழைய மெழுகும் போகத் துடைத்து, வளையும் பட்டியை வெடிப்பில் தேய்த்து, காய்ந்ததும் 600 நம்பர் உப்புத்தாளால் மெதுவாக இழைத்து, தண்ணீரில் கரையும் தோல் நிறத்தை மிக மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை கொடுக்கலாம். தோல் கிழிந்து தையலும் விட்டிருந்தால் குஷன் கடைக்காரரிடம் கொடுத்து அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

மரத்தில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள். அது முழு மரமல்ல. ஒரு தளத்தின் மேல் ஒட்டிய, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெனீர். வெடித்துத் தெரிவது பெரும்பாலும் மேலே உள்ள லாக்கர்தான். மெஷினில் தேய்த்தால் கண் இமைக்கும் நேரத்தில் வெனீர் ஓடிப்போய் அடித்தளம் பல்லிளிக்கும். சிறு கத்தியாலும் கையாலுமே லாக்கரை எடுக்க வேண்டும். இன்னொரு முக்கிய விஷயம்: ஒரு காரின் எல்லாத் துண்டுகளும் ஒரே மரக்கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய தாள்கள். இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கண்ணாடியில் பார்த்த மாதிரி பொருந்தும். புதுத் திரை வைக்க ஒரு துண்டில் ஓட்டை போட்டால் கெடுவது அந்தத் துண்டு மட்டுமல்ல, முழு செட்டும்.

அப்படியானால் காலத்துக்கேற்ப எதையும் மாற்றவே கூடாதா? தாராளமாக மாற்றலாம், திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாதிரி! பழைய ரேடியோவின் வாய் 180-க்கு 50 மில்லிமீட்டர். அதே அளவில் பழைய முகத்தோடு, உள்ளே புளூடூத் வைத்த செட்டுகள் கிடைக்கின்றன. வண்டியின் ஒயரை வெட்டாமல் நடுவில் அடாப்டர் மாட்டுங்கள். ஆம்ப்ளிஃபயர் வேண்டுமென்றால் டிக்கியில் வையுங்கள்; இந்தக் காரில் பேட்டரியும் அங்கேதான். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கணக்கைப் பார்க்கட்டும்: 200 வாட் வெளியீடு, 60 சதவீதத் திறன் என்றால் உள்ளே போவது சுமார் 333 வாட். 13.8 வோல்ட்டில் அது 24 ஆம்பியர்! ரேடியோவின் மெல்லிய ஒயரில் இதை இழுத்தால் புகைதான் வரும். தனித் தடித்த ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃப்யூஸ்.

சீட் பெல்ட்டுக்குச் சாயம் போடாதீர்கள். நாரின் பலம் போய்விடும். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும். பிந்தைய வருஷத்து ஏர்பேக் வண்டியில் அழகுக்காக மர ஸ்டியரிங் மாட்டுவது உயிரோடு விளையாட்டு.

கழற்றிய பழைய ரேடியோ, திருகு, கிளிப் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு, எந்த இடத்துச் சாமான் என்று சீட்டு எழுதி ஒட்டி வையுங்கள். நாளைக்கு அந்த வண்டியை வாங்க வருகிறவர் அந்த டப்பாவைத்தான் முதலில் கேட்பார்.