எரிமலையின் சேதி வந்தது, வீட்டின் சேதி வரவில்லை

2022 ஜனவரி 15. இரவு எட்டு மணியைத் தாண்டிய நேரத்தில் சென்னையின் காற்றழுத்தமானிகள் சட்டென்று ஒருமுறை ஏறி இறங்கின. ஊரில் மழையும் இல்லை, புயலும் இல்லை. காரணம் சுமார் 12,000 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் பெருங்கடலில் இருந்தது. பத்து மணி நேரத்துக்குச் சற்று முன்னதாக அங்கே ஓர் எரிமலை வெடித்திருந்தது. அது கிளப்பிய அழுத்த அலை கிட்டத்தட்ட ஒலியின் வேகத்தில் காற்றுமண்டலத்தைக் கடந்து சென்னைக்கு வந்து சேர்ந்தது. வந்ததோடு நிற்கவும் இல்லை, பூமியைப் பலமுறை சுற்றி வந்தது. வெடியோசையை அலாஸ்காவில் இருந்தவர்கள் காதாலேயே கேட்டார்கள்.

அதே இரவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எரிமலை வெடித்த டோங்கா நாடு அங்கிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர்தான். ஆனால் அம்மா இருக்கிறாளா, தம்பி கரையேறினானா என்ற சேதி மட்டும் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. எரிமலை தன் சேதியை உலகம் முழுக்கச் சொல்லிவிட்டது. மனிதர்களால் இரண்டு வார்த்தை சொல்ல முடியவில்லை.

டோங்காவில் வாழ்பவர்கள் ஒரு லட்சம் பேர் அளவில்தான். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று வெளியே வாழும் டோங்கர்கள் அதைவிட அதிகம். 2018 கணக்கெடுப்பின்படி நியூசிலாந்தில் மட்டும் 82,000-க்கு மேல். வெளியே இருப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு வரும். குடும்பம் ஒரு கரையில், சம்பாத்தியம் மறு கரையில், நடுவே தொலைபேசி என்பதுதான் அந்த நாட்டின் வாழ்க்கை. அந்த நடுப்பகுதிதான் அறுந்துபோயிற்று.

தலைநகர் நுகுஅலோஃபாவுக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கிறது ஹுங்கா டோங்கா–ஹுங்கா ஹாஅபாய் எரிமலை. அதன் பெரும்பகுதி கடலுக்குள். உள்ளூர் நேரம் மாலை ஐந்தேகால் அளவில் அது வெடித்தபோது சாம்பலும் நீராவியும் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்தன. பயணிகள் விமானங்கள் பறப்பது 10, 12 கிலோமீட்டரில். கருவிகளால் அளக்கப்பட்ட எந்த எரிமலைப் புகையும் அதுவரை அந்த உயரத்தைத் தொட்டதில்லை. எரிமலையின் வாய் உள்ளே சரிந்து, 150 மீட்டர் ஆழத்தில் இருந்த அதன் அடித்தளம் 850 மீட்டருக்கு இறங்கியது. சில தீவுகளில் 15 மீட்டர் உயரம் வரை சுனாமி ஏறியது. மாங்கோ என்ற சிறு தீவில் ஒரு வீடுகூட மிஞ்சவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில், யார் கண்ணுக்கும் படாமல் இன்னொன்று நடந்தது. டோங்காவை வெளியுலகோடு இணைத்தது 827 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு கடலடி கேபிள். 2013-இல் தொடங்கிய அந்த இணைப்பு ஃபிஜியின் சுவா நகருக்குப் போய், அங்கிருந்து பசிபிக்கின் பெரிய கேபிள்களோடு சேர்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவல்களில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படிக் கடலடியில்தான் ஓடுகின்றன. செயற்கைக்கோள் வழியே போவது சொற்பம்.

ஆழ்கடல் கேபிளின் பருமன் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். நடுவில் முடியளவே தடிமனுள்ள கண்ணாடி இழைகள். சுற்றிலும் எஃகுக் கம்பியும் செம்பும் பாலித்தீனும். நம் குரல் ஒளித்துடிப்புகளாக மாறி, வினாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் அந்த இழைக்குள் ஓடுகிறது. நெடுந்தூரம் போகும் கேபிள்களில் ஒளி மங்கிவிடாமல் இருக்க, சுமார் 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒரு பெருக்கி வைத்திருப்பார்கள். அதற்கான மின்சாரம் கேபிளில் உள்ள செம்பு வழியாகக் கரையிலிருந்தே போகிறது.

அந்தக் கேபிளை அறுத்தது சுனாமி அலை அல்ல. வானுக்கு எழுந்த பாறையும் சாம்பலும் தம் பாரம் தாங்காமல் நேராகக் கடலுக்குள் சரிந்தன. தண்ணீரோடு கலந்து, தண்ணீரைவிடக் கனமான கலவையாகி, எரிமலையின் சரிவுகளில் உருண்டு கடல்தரையில் பாய்ந்தன. மணிக்கு 122 கிலோமீட்டர் வேகம். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். இது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. எந்த நேரத்தில் எந்தக் கேபிள் அறுந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அந்த வேகத்தையே கணக்கிட்டார்கள். முதலில் டோங்காவின் தீவுகளுக்கு இடையே ஓடிய உள்நாட்டுக் கேபிள் போயிற்று. பிறகு ஃபிஜிக்குப் போகும் கேபிள். குடும்பங்களைப் பிரித்த அறுப்பே விஞ்ஞானிகளுக்கு வேகமானியாகவும் அமைந்தது.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று தோன்றும். இருந்தது. தூதரகங்களின் கையிலிருந்த சில செயற்கைக்கோள் தொலைபேசிகள்தான் முதல் நாட்களில் நாட்டின் குரல். ஆனால் காற்றில் நிறைந்த சாம்பல் அவற்றின் அலைகளைத் தடுமாற வைத்தது. விமான ஓடுபாதையும் சாம்பலில் புதைந்தது. ஊர் மக்கள் மண்வாரியும் தள்ளுவண்டியும் கொண்டு அதைக் கூட்டி அள்ளினார்கள். ஜனவரி 17-இல் நியூசிலாந்தின் கண்காணிப்பு விமானம் மேலே பறந்து படமெடுத்தது. வெளித் தீவுகளின் நிலையைப் படகில் போய்த்தான் கேட்டுவர வேண்டியிருந்தது. நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றால் கொரோனாவுக்காக நாட்டின் எல்லைகள் மூடிக் கிடந்தன.

ஜனவரி 19-இல் தலைநகரில் ஒரு செயற்கைக்கோள் தட்டின் உதவியோடு 2ஜி சேவை அரைகுறையாக உயிர்பெற்றது. படம் போகாது, காணொளி ஓடாது, எல்லாருக்கும் அழைப்பும் கிடைக்காது. ஆனால் குறுஞ்செய்திக்கு அது போதும். குரல் அழைப்பு பேசி முடியும்வரை ஒரு தடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் முயன்றால் முதலில் நுழைந்த சிலருக்குத்தான் இடம். குறுஞ்செய்தி அப்படியல்ல. அதன் மொத்த எடையே 140 பைட். ஆங்கில எழுத்தில் 160, தமிழில் அதிகபட்சம் 70 எழுத்துகள். வழி இல்லையென்றால் நிலையத்தில் காத்திருக்கும், வழி திறந்ததும் போகும். 'எல்லாரும் நலம்' என்பதற்கு ஒரு நாட்டின் முழு இணையம் தேவையில்லை.

சேதி வந்த பிறகும் பேச்சு வரவில்லை. அதற்குக் கப்பல் வரவேண்டியிருந்தது. ரிலையன்ஸ் என்ற கேபிள் கப்பல் பாப்புவா நியூகினியின் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து கிளம்பி வந்தது. கடலின் அடியில் அறுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும்வரை எண்ணி ஆழம் சொல்வது போலத்தான். கரையிலிருந்து இழைக்குள் ஓர் ஒளித்துடிப்பை அனுப்புகிறார்கள். அறுந்த முனையில் பட்டு அது திரும்பிவர எத்தனை நுண்வினாடி ஆனது என்பதிலிருந்து தூரம் கிடைத்துவிடும்.

அடுத்த வேலை பழைய காலத்து மீனவர் வேலை. நீண்ட கயிற்றில் கட்டிய கொக்கிகளைக் கடல்தரைக்கு இறக்கி, மெல்ல இழுத்துப்போய், கேபிள் மாட்டியதும் மேலே தூக்குகிறார்கள். ஒரு முனையை மிதவையில் கட்டிவிட்டு மறுமுனையைத் தேடுகிறார்கள். கிடைத்ததும் கப்பலின் தளத்திலேயே ஒவ்வொரு கண்ணாடி இழையையும் மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறார்கள். டோங்காவில் சிக்கல் அதைவிடப் பெரிது. கேபிள் பல இடங்களில் துண்டாகியிருந்தது. சில பகுதிகள் இழுத்துப் போகப்பட்டோ புதைந்தோ கிடைக்கவேயில்லை. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுக் கேபிள் போட வேண்டியிருந்தது. பிப்ரவரி 22-இல், ஐந்து வாரங்களுக்குப் பிறகு, டோங்காவின் முதன்மைத் தீவுக்கு இணையம் திரும்பியது. வெளித் தீவுகளுக்கான உள்நாட்டுக் கேபிள் சரியாக 2023 ஆகிவிட்டது.

அந்த வாரங்களில் ஆக்லாந்து டோங்கர்கள் சும்மா இருக்கவில்லை. மவுண்ட் ஸ்மார்ட் விளையாட்டரங்கில் வரிசையாக வந்து, தண்ணீரும் மாவும் டப்பா உணவும் நிரப்பிய பீப்பாய்களின் மேல் உறவினரின் பெயரை எழுதிக் கப்பல் பெட்டகங்களில் ஏற்றினார்கள். ஊருக்குப் பொதுவாக அல்ல, இன்னார் வீட்டுக்கு என்று. பேசமுடியாத குடும்பம் பொருளின் மேல் பெயரெழுதிப் பேசியது.

நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல. சென்னையிலிருந்து சிங்கப்பூர்ப் பிள்ளையோடு பேசுவதும் கடலடி கேபிள் வழியேதான். ஆனால் சென்னைக்கு ஒன்றல்ல, பல கேபிள்கள் வந்து கரையேறுகின்றன. ஒன்று அறுந்தால் மற்றொன்று சுமக்கும். அந்தமானின் நிலை வேறு. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் அந்தத் தீவுகள் நீண்டகாலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள் 2020 ஆகஸ்டில்தான் போய்ச் சேர்ந்தது. நிலநடுக்கமும் 2004 சுனாமியும் கண்ட கடல் அது. இந்தியாவில் இன்றும் உயிர்ப்போடு இருக்கும் எரிமலையான பேரன் தீவும் அங்கேதான். ஒரு வழி கிடைத்தது நல்லது. இரண்டாவது வழியும் வேண்டும் என்பதுதான் டோங்கா சொல்லும் பாடம்.

பேரிடர் என்றால் அரிசி, தண்ணீர், மருந்து, கூரை என்று பட்டியல் போடுகிறோம். சேதியையும் அதில் சேர்க்க வேண்டும். அரசு செய்ய வேண்டியது மாற்று வழி. குடும்பம் செய்யக்கூடியது இன்னும் எளிது: பேரிடர் நேரும் ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் உறவினரை இப்போதே முடிவு செய்து, அவருடைய எண்ணை எல்லாரும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த நாளில் ஆளுக்கு ஆள் அழைத்துத் தடத்தை அடைக்காமல், அவருக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டால் போதும். மீதியை அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.