கத்தரிக்கன்றும் பெத்தாவின் கால்வீக்கமும்

பதுளையிலிருந்து வரும் வீதி செங்கலடிச் சந்தியில்தான் மட்டக்களப்பு–திருகோணமலை வீதியோடு சேர்கிறது. சந்திக்குக் கிழக்கே மணல் நிலமும் கடலும். மேற்கே கறுத்தப்பாலத்தைத் தாண்டினால் படுவான்கரை வயல்கள். பஸ்ஸும் உழவு இயந்திரமும் ஓயாத அந்தச் சந்தியிலிருந்து எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் வளவுகள் தொடங்கிவிடும்: ஒரு கிணறு, நாலைந்து தென்னை, வேலியோரம் முருங்கை, குசினிப் பக்கம் கொச்சிக்காயும் கத்தரியும், வாசலில் செவ்வரத்தை. வெயில் தாழ்ந்து தண்ணீர் ஊற்றும் நேரத்தில் வேலிக்கு இரு புறமும் பேச்சு எழும். “அக்கா, கொச்சிக்கன்றெல்லாம் இல சுருளுது, என்னத்த அடிக்கிற?” என்று தொடங்கும். “மழக் குணமாக் கிடக்கு, ரெண்டு நாள் பார்த்திட்டு அடி” என்று பதில் வரும். அடுத்து வருவது, “பெத்தாட கால்வீக்கம் வத்திட்டுதா?” செடி, மழை, வீட்டிலிருக்கும் வயதானவர் என்ற இந்த மூன்றும் ஒரே மூச்சில் வருவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கணிசமான பங்கு இந்தப் பேச்சின் வழியாகவே நடக்கிறது. வீடு கட்டுகிறவர்களும் திட்டம் போடுகிறவர்களும் அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதால் இழப்பு முதியவர்களுக்குத்தான்.

இத்தகைய பேச்சை முதலில் அக்கறையோடு ஆராய்ந்தவர்களுள் ஒருவர், போலந்தில் பிறந்த மானிடவியலாளர் புரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி. சுகம் விசாரிப்பதும் காலநிலையைப் பற்றி ஏதாவது சொல்வதும் செய்தி சொல்வதற்காக அல்ல, மனிதரை மனிதரோடு பிணைப்பதற்காகவே என்று 1923இல் அவர் எழுதினார். பசிபிக் தீவு மக்களின் தோட்டங்களைப் பற்றி 1935இல் இரண்டு தொகுதி நூல் எழுதியவரும் அவரே. பிணைப்பு பற்றி அவர் சொன்னது சரி. செய்தி இல்லை என்றதை ஏற்க முடியாது. கார்த்திகை மாதத்தில் “மழக் குணம்” என்று ஒருவர் சொன்னால், காயப்போட்ட நெல்லை அள்ள வேண்டும், மருந்தடிப்பைத் தள்ளிப்போட வேண்டும், ஒழுகுகிற பக்கத்தில் படுத்திருக்கும் கிழவியின் கட்டிலை இழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. “கால்வீக்கம் வத்திட்டுதா” என்ற கேள்விக்குள், பிரசர் குளிசை ஒழுங்காகப் போடுகிறாரா, போன கிளினிக்குக்குக் கூட்டிப்போனது யார், அடுத்த முறை ஆட்டோவுக்குக் காசு இருக்கிறதா என்ற கேள்விகள் அடுக்காக இருக்கின்றன. நாலு சொல்லில் அவ்வளவையும் கேட்டுவிட முடிவது, கேட்பவருக்கு அந்த வீட்டின் கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால்.

தெரிந்திருக்க வழிசெய்தது கிழக்கின் சொத்துரிமை வழக்கம். தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய மட்டக்களப்பு மண்ணில் வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகப் போகும். கல்யாணம் முடித்த மகன் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, இளைய பெண்பிள்ளைகளோடு பெற்றோர் பக்கத்து வளவில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவதும் வழக்கம். அக்கரைப்பற்றை மையமாக வைத்து நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வரே, கிழக்கின் தமிழர், முஸ்லிம்கள் பற்றி 2008இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். இதனால் அக்கா தங்கைகளின் வளவுகள் அடுத்தடுத்து அமைந்துவிடுகின்றன. அடுத்த தலைமுறையில் வேலிக்கு இரு புறமும் நிற்பவர்கள் பல வேளைகளில் ஒரே பெத்தாவின் பேத்திகள். முதியவர் எந்த வளவில் படுத்திருந்தாலும் அவரைப் பற்றிக் கேட்கும் உரிமை மற்ற வளவில் இருப்பவளுக்கும் உண்டு. கேட்காவிட்டால்தான் அது ஒரு பிழையாகப் பேசப்படும்.

சொந்தம் இருந்தால் போதுமே, தோட்டம் எதற்கு என்று கேட்கலாம். சொந்தக்காரர் வீட்டுக்குக்கூட ஒவ்வொரு நாளும் காரணமில்லாமல் போக முடியாது; கிணற்றடிக்கும் பாத்திக்கும் ஒவ்வொரு நாளும் போயே ஆக வேண்டும். மணல் மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது, கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையும் மாலையும் ஊற்றாவிட்டால் கன்று நிற்காது. ஆகவே இரு வளவுக்காரரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பதை மண்ணே உறுதிசெய்கிறது. இன்னொன்று, தோட்டம் பொய் சொல்லாது. விடியலில் சாமிக்குப் பூப் பறிப்பது இங்கே வயதான பெண்களின் வேலை. ஒன்பது மணியாகியும் செவ்வரத்தைப் பூக்கள் மரத்திலேயே இருந்தால், பக்கத்து வளவில் நிற்பவள் “பெத்தா எழும்பல்லியா?” என்று குரல் கொடுப்பாள். பாத்தி மணல் வெளுத்துக் கிடப்பதும், அதே பாத்திக்கு ஒரே மணித்தியாலத்தில் இருமுறை தண்ணீர் ஊற்றப்படுவதும், பிஞ்சுக் கத்தரிக்காயை முற்றியதென்று பறித்து வைத்திருப்பதும் ஒவ்வொரு செய்தி. மறதி நோய் தொடங்கும் காலத்தில் கூடவே இருக்கும் மகள் தாயின் சிறு தடுமாற்றங்களுக்குப் பழகிப்போய்விடுவாள். ஓரடி தள்ளி நின்று பார்ப்பவருக்கே மாற்றம் முதலில் தெரியும். அதை முகத்துக்கு நேரே சொன்னால் மனம் நோகும். கத்தரிக்காயைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லலாம்.

காலநிலைப் பேச்சு உயிர்காக்கும் பேச்சாவது எப்படி என்பதற்கு மிகத் தெளிவான சான்று வெகு தொலைவிலிருந்து வருகிறது. 1995 யூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரைக் கடும் வெப்பம் தாக்கியபோது, வழக்கத்துக்கு மேலாக 739 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனித்திருந்தவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளினன்பேர்க் அடுத்தடுத்திருந்த இரண்டு ஏழைப் பகுதிகளை ஒப்பிட்டார். தனித்து வாழும் முதியவர்கள் இரண்டிலும் இருந்தார்கள். கடைகள் மூடி, ஆட்கள் விட்டுப்போய், வீதி வெறிச்சோடிய வட லோன்டேலில் இறப்பு வீதம், கடைகளும் சனநடமாட்டமும் நிறைந்த தென் லோன்டேலைப்போல் பத்து மடங்காக இருந்தது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் முதியவர் வாசலுக்கு வரவும், வராவிட்டால் ஒருவர் தேடவும் காரணம் இருந்த இடத்தில் அவர்கள் பிழைத்தார்கள் என்பதே கிளினன்பேர்க் எழுதிய நூலின் அடிப்படை முடிவு. பங்குனி, சித்திரையில் கிழக்கு மாகாணத்துக்கு வெப்ப எச்சரிக்கை விடுக்கும்போது வளிமண்டலவியல் திணைக்களத்தால் மாகாணத்தையோ மாவட்டத்தையோதான் சொல்ல முடியும். எந்த அறைக்குத் தகரக் கூரை, அதற்குள் மத்தியானம் யார் படுத்திருக்கிறார் என்பது பக்கத்து வளவுக்குத்தான் தெரியும்.

இந்த மாவட்டத்தில் மழையும் காற்றும் முதியவர்களோடு இன்னொரு விதத்திலும் பிணைந்தவை. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது, தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தது. அன்று பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இப்போது அறுபதை எட்டும் வயதில் இருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து திரும்பியது, எந்த மரம் வீட்டின் மேல் விழுந்தது, 2011 ஜனவரி வெள்ளத்தில் எந்த ஒழுங்கை முதலில் மூடியது என்பதெல்லாம் அவர்களின் நினைவில் இருக்கின்றன. பூசணி விதையை எப்போது போடுவது, மாரித் தண்ணீர் நின்றால் எந்தக் கத்தரி தாக்குப்பிடிக்கும் என்று இளையவள் கேட்கிறபோது பதில் சொல்கிற இடத்தில் முதியவர் இருக்கிறார். பராமரிக்கப்படுகிறவர் என்ற ஒரே பாத்திரத்துக்குள் ஒடுங்கிப்போகாமல், தன்னிடம் கேட்டு நடக்க இன்னும் ஆளிருக்கிறது என்ற உணர்வோடு அவர் இருப்பதற்கு இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியவில்லை. உளவியலாளர் யூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளைத் தொகுத்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு 2010இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: உறவுப் பிணைப்பு வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம். சுகமாக இருப்பவர்தானே நாலு பேரோடு பழகுவார் என்ற சந்தேகம் நியாயமானது. ஆய்வின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் எவ்வளவு சுகமாக இருந்தார் என்பதைக் கணக்கில் எடுத்தபோதும் அந்த வேறுபாடு மறையவில்லை.

இந்த வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் முதலாவது நம் மரபுக்குள்ளிருந்தே வரும். பயனில சொல்லாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். வேலிப்பேச்சு வம்பாக மாறிக் குடும்பங்களைப் பிரித்த ஊர்கள் ஏராளம். யாருடைய மகள் யாரோடு கதைத்தாள் என்ற பேச்சால் வாழ்க்கை நொறுங்கிய பெண்கள் இந்தப் பகுதியிலும் இருக்கிறார்கள். அந்தத் தீங்கை நான் சிறிதாக்க விரும்பவில்லை. ஆனால் வள்ளுவரின் அளவுகோல் பயன்தான். கால்வீக்கத்தை விசாரிக்கும் பேச்சு அந்த அளவுகோலில் தாராளமாகத் தேறும். மேலும் இந்த இரண்டு பேச்சையும் பிரித்தறிவது கடினமல்ல: ஒன்று இல்லாதவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும், மற்றது அடுத்து என்ன செய்வதென்று கேட்கும். கன்றைப் பற்றிய பேச்சுக்கு எப்போதும் ஒரு செயல் காத்திருப்பதால் அது இரண்டாவது பக்கமே சாய்கிறது.

கைபேசி வந்துவிட்டது, இனி வேலி எதற்கு என்பது அடுத்தது. கட்டாரிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப் பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் முதியவர் சொல்வதைத்தான் அது கொண்டுபோகும். பிள்ளை தூரத்தில் கவலைப்படக்கூடாதென்று “நான் நல்லாத்தான் இருக்கன் மனே” என்று சொல்வது நம் தாய்மாரின் பழக்கம். அந்த வார்த்தையை வெளுத்த மணலோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அரசு இருக்கிறதே என்பாரும் உண்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புச் செலவு கேட்டு முறையிட அது வழி வைத்திருக்கிறது. 2012 கணக்கெடுப்பிலேயே நாட்டு மக்களில் 12.4 சதவீதத்தினர் அறுபதைக் கடந்தவர்கள், அதன்பின் அந்தப் பங்கு ஏறிக்கொண்டே இருக்கிறது; சட்டமும் வைத்தியசாலையும் கொடுப்பனவும் கட்டாயம் வேண்டும். அயலார் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி அரசு கைகழுவ இந்த வாதத்தை எவரும் பயன்படுத்தக்கூடாது. முறைப்பாடு எழுதப்படும் நிலைக்கு ஒரு முதியவர் வருவதற்கு முன் கழியும் மாதங்களைப் பற்றியே நான் பேசுகிறேன். அந்த மாதங்களில் எந்த உத்தியோகத்தருக்கும் அவர் வளவில் வேலை இல்லை.

எனக்கு மிகக் கனமாகப் படுவது கடைசி மறுப்பு. இந்த ஏற்பாடு முழுவதும் பெண்களின் தோளில் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றுவதும் அவள், விசாரிப்பதும் அவள், கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அவள். போரில் கணவரை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் நிறைந்த மாவட்டம் இது. மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன மகளின் பிள்ளைகளை அம்மம்மாமாரே வளர்க்கிறார்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சந்தியில் தேநீரோடு அரசியலும் மழையும் பேசும் ஆண்களுக்கும் மாமியாரின் சீனி வருத்தக் குளிசை எத்தனை மணிக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்றே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்த நாடு இது. மரக்கறிக்காக ஆண்களை வளவுக்குள் இறக்க முடிந்ததென்றால், அந்த வளவின் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்காகவும் இறக்க முடியும்.

வேலி மதிலாகும் வேகம்தான் இப்போதைய கவலை. வெளிநாட்டுக் காசு வந்ததும் முதலில் எழுவது ஆளுயரத்துக்கு மேற்பட்ட புளொக்கல் மதில். திருட்டுக்கும் மாட்டுக்கும் பாதுகாப்பு வேண்டும், அதில் தவறில்லை. அக்கா தங்கை வளவுகளுக்கு நடுவிலாவது நெஞ்சளவோடு நிறுத்தலாம், கிணற்றடிப் பக்கம் ஒரு கடப்பு விடலாம். வீட்டுத்திட்டங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சுனாமிக்குப் பின் பல இடங்களில் வீடு குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் பதிவானதால் பெண்வழி உரிமை குழம்பியது. புதுக் குடியிருப்புகளில் சகோதரிகள் வேறு வேறு மூலைகளுக்குப் போனால் முதியவரைச் சுற்றியிருந்த கண்கள் கலைந்துவிடும். இனி வீடு பகிரும்போது யார் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு அடுத்தடுத்துக் கொடுப்பதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. கிராமத்து முதியோர் சங்கக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு கைப்பிடி விதையோ ஒரு கன்றோ கொண்டுவரச் சொன்னால், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையும் கூட்டத்தில் பேச்சு நீளும். மகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது: அவளுடைய கைபேசி எண் பக்கத்து வளவில் இருக்க வேண்டும். பூ பறிக்கப்படாத காலையில் அந்த எண்ணுக்கு அழைக்கப்போவது அங்கிருப்பவர்தான்.