மண் போடுற சத்தத்துல காசு எங்கே?

முதல்ல ஒரு சின்ன வேலை. பர்ஸில் இருக்கிற சில்லறையைக் கொட்டி, ஒரு காந்தத்தை அதுமேல காட்டுங்க. ஸ்டீல் நிறத்துல இருக்கிற ஒரு ரூபாயும் ரெண்டு ரூபாயும் டக்குனு ஒட்டிக்கும். மஞ்சளா இருக்கிற அஞ்சு ரூபாய் ஒட்டாது. முதல் ரெண்டும் ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மூணாவது நிக்கல் கலந்த பித்தளை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மெட்டல் டிடெக்டர். ரிப்போர்ட்ல "பாதுகாப்புத் துறைப் பயன்பாடு" அப்படின்னு பெருசா எழுதியிருக்கோம். உண்மையான காரணம் என் அப்பத்தா. கல்யாணமான புதுசுல, தாலிச்சரட்டுல கோத்திருந்த ஒரு தங்கக் காசை வீட்டுக்குப் பின்னாடி மாட்டுத் தொழுவத்துல தொலைச்சிட்டாங்க. சிவகங்கைப் பக்கம், செம்மண் பூமி. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் தொழுவம் இருந்த இடத்தைத் தாண்டும்போது அவங்க கண்ணு கீழேதான் இருக்கும்.

நாங்க முதல்ல செஞ்சது பிஎஃப்ஓ சர்க்யூட். ரெண்டு ஆஸிலேட்டர், ஒண்ணோட காயில் பக்கத்துல உலோகம் வந்தா அதோட ஃப்ரீக்வென்சி கொஞ்சம் நகரும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் காதுல சத்தமா கேக்கும். லேப் டேபிள்ல அருமையா வேலை செஞ்சது. ஊருக்குக் கொண்டுபோய்க் கொல்லையில இறக்கினா, காயில் தரைக்கிட்ட போகுறப்பவே ஊளையிட ஆரம்பிச்சிருச்சு. எங்க வெச்சாலும் அதே கத்தல். அப்பத்தா திண்ணையில உக்காந்து, "என்னப்பு, கொல்லை பூரா அண்டா அண்டாவா பொதைஞ்சு கெடக்கா?" அப்படின்னாங்க.

அன்னைக்குப் புரிஞ்சது ஒண்ணுதான்: டிடெக்டருக்கு முதல்ல கேக்கிறது காசு இல்லை, மண்ணு. லேப்ல காத்துல நீட்டிப் பாக்குற தூரம் வேற, மண்ணுக்குள்ள கிடைக்கிற ஆழம் வேற. மெஷினை டியூன் பண்றதுன்னா அதோட காதைக் கூர்மையாக்குறதுன்னு நெனச்சிருந்தோம். பெரும்பாலும் அதுக்கு நேர் எதிரான வேலைதான். எதைக் கேக்க வேண்டாம்னு அதுக்குச் சொல்லித் தரணும்.

பிறகு நாங்க நாலு பேர் காசு போட்டு ஒரு செகண்ட்-ஹேண்ட் விஎல்எஃப் மெஷின் வாங்கினோம். கடையில கிடைக்கிற டிடெக்டர்கள்ல பெரும்பாலானது இந்த வகைதான். ஒரு காயில் சில கிலோஹெர்ட்ஸ்ல இருந்து சில பத்து கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஏதோ ஒரு ஃப்ரீக்வென்சியில மாறிக்கிட்டே இருக்கிற காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்பும். காசுக்குள்ள எடி கரண்ட் சுத்தும். அந்தக் கரண்ட் ஒரு குட்டிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். ரெண்டாவது காயில் அதைக் கேக்கும்.

இதுல முக்கியமானது சத்தம் எவ்வளவு பெருசுன்னு இல்லை, எப்போ வருதுன்னு. மண்ணுல இருக்கிற இரும்புத் தாதுத் துகள்கள், அனுப்புற காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய உடனுக்குடன் ஆடும். காசு கொஞ்சம் தாமதமா ஆடும். கச்சேரியில மண்ணு தாளத்தோட சரியாத் தட்டுது, காசு அரை நொடி பிந்தித் தட்டுதுன்னு வெச்சுக்கோங்க (நிஜத்துல மைக்ரோ செகண்ட் கணக்கு). இந்தப் பிந்துறதைத்தான் ஃபேஸ்னு சொல்றோம். சரியாத் தட்டுற கையை மட்டும் காதுல விழாமப் பண்ணிட்டா மிச்சம் கேக்கிறது காசு. அதுக்குப் பேருதான் கிரவுண்ட் பேலன்ஸ்.

செய்யுறது சுலபம். எல்லா உலோகத்துக்கும் கத்துற மோடுல போடுங்க. உலோகம் இல்லாத ஒரு திட்டாப் பாத்து, காயிலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, தரைக்கு ரெண்டு விரல் மேல வரைக்கும் இறக்குங்க, மறுபடி தூக்குங்க. இறக்கும்போது சத்தம் ஏறினா குமிழை ஒரு பக்கம் திருப்பணும், தூக்கும்போது ஏறினா மறுபக்கம். எந்தப் பக்கம்ங்கிறது மெஷினுக்கு மெஷின் மாறும், ரெண்டு தடவை திருப்பினா தெரிஞ்சுடும். ஏறும்போதும் இறங்கும்போதும் சத்தம் ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். பத்தடி தள்ளிப் போனா மறுபடி செஞ்சு பாருங்க. எங்க கொல்லையிலேயே தொழுவ ஓரமும் முருங்கை மரத்தடியும் ஒரே மண்ணு இல்லை.

தானாப் பேலன்ஸ் பண்ணிக்கிற மெஷின்ல ஒரு ஆபத்து உண்டு. லேசா ஒரு சத்தம் கேட்டு, "இங்க இருக்கா?"ன்னு அதே இடத்துல பத்து தடவை ஆட்டினா, அதையும் மண்ணுன்னு நெனச்சு மெஷின் அழிச்சிடும். சந்தேகமான சத்தம் கேட்டதும் அந்த வசதியை அணைச்சிடுங்க.

செம்மண்ணுன்னா சிவப்புதான் வில்லன்னு நாங்க நெனச்சோம். அந்தச் சிவப்புக்குப் பெரும்பங்கு காரணம் ஹெமடைட், அதோட காந்தத்தன்மை ரொம்பக் கம்மி. தொல்லை கொடுக்கிறது கூடவே இருக்கிற மேக்னடைட்டும் மேக்ஹெமைட்டும். ஒரு காந்தத்தை பாலித்தீன் கவர்ல சுத்தி மண்ணுல இழுத்துப் பாருங்க. கவர்மேல எவ்வளவு கருப்புப் பொடி மீசை மாதிரி முளைக்குதோ, அவ்வளவு கஷ்டம் உங்களுக்குக் காத்திருக்கு.

சென்சிட்டிவிட்டி விஷயத்துல நாங்க பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க. ஆழம் வேணும்னு குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பினோம். கல்யாண மண்டபத்துல கெட்டி மேளம் அடிக்கிறப்போ பக்கத்துல நிக்கிறவர் பேசுறது கேக்கலைன்னு மைக்கைக் கூட்டினா என்ன ஆகும்? மேளமும் சேர்ந்துதான் ஏறும். அதோட, மண்ணு சிக்னல் அளவுக்கு மீறினா உள்ளே இருக்கிற ஆம்ப்ளிஃபயர் திணறிப்போய் காசு சிக்னலை விட்டுடும். குமிழைப் பாதிக்குக் கொண்டுவந்து, காயிலையும் தரையை உரசாம ஒரு விரல் தூக்கிப் பிடிச்சப்பதான் நாலு விரல் ஆழத்துல புதைச்ச அஞ்சு ரூபாய் தெளிவாக் கேட்டுச்சு. ஃபுல் சென்சிட்டிவிட்டியில அதே காசு கேக்கவே இல்லை!

ஆழத்துக்கு ஆசைப்படுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. காயிலைத் தாண்டிப் போகப் போக, காந்தப்புலம் தூரத்தோட மூணாவது அடுக்குல குறையும். காசுல இருந்து திரும்பி வர்றதும் அப்படியே. மொத்தம் ஆறாவது அடுக்கு. ஆழம் ரெண்டு மடங்கானா சிக்னல் 64-ல் ஒரு பங்கு. குமிழால இதை ஜெயிக்க முடியாது.

இப்போ அந்தக் காந்தம். இரும்பு ஆணிக்குக் கத்தாம இருக்க டிஸ்கிரிமினேஷன்னு ஒரு வசதி உண்டு. ஃபேஸை வெச்சு, "இது இரும்பு, இது ஃபாயில், இது செம்பு, இது வெள்ளி"ன்னு மெஷின் பிரிக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா நம்ம ஒரு ரூபாயே காந்தத்துல ஒட்டுற எஃகு. எங்க மெஷின் அதை ஒரு தடவை இரும்புன்னும் அடுத்த தடவை வெள்ளின்னும் சொன்னுச்சு. பழைய தடிமனான அஞ்சு ரூபாய் மாதிரி செம்பு-நிக்கல் காசுகள் மின்சாரத்தைச் சுமாராத்தான் கடத்தும். அதனால ஃபாயில் குப்பைக்குப் பக்கத்துல போய் உக்காந்துக்கும். மெல்லிசான தங்கமும் அங்கேதான். இரும்புத் தாது நிறைஞ்ச மண்ணுல ஆழமாக் கிடக்கிற நல்ல காசுகூட இரும்புப் பக்கமாச் சாய்ஞ்சு தெரியும். அதாவது, குப்பை வேண்டாம்னு நீங்க வடிகட்டுறப்போ அப்பத்தாவோட காசும் சேர்ந்தே போயிடும்.

இதை ஊகமா விட வேண்டாம்னு, அத்தைக்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி பெட்டியில தனியா வெச்சிருந்த ஒரு தாலிக் காசை வாங்கினோம். நைலான் நூல் கட்டி, நூலோட மறுமுனையைக் கல்லுல கட்டி, அதே மண்ணுல புதைச்சோம். (அத்தை கடைசி வரைக்கும் நூலைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.) டிஸ்கிரிமினேஷனைக் கால்வாசி ஏத்தினதும் காசு காணாமப் போச்சு. பூஜ்ஜியத்துக்கு இறக்கினா கேட்டுச்சு. மெல்லிசான சின்னப் பொருளுக்கு அதிக ஃப்ரீக்வென்சி நல்லது, தடிமனான வெள்ளிக்கும் செம்புக்கும் குறைஞ்ச ஃப்ரீக்வென்சி. இப்படி ஒரு சோதனைக் குழி போடாம யாரும் தேடவே ஆரம்பிக்காதீங்க.

அதுக்கு அப்புறமும் எங்களை ஏமாத்தினது உடைஞ்ச செங்கல்லும் நாட்டு ஓடும். சூளையில சுட்ட மண்ணு, சுடாத மண்ணைவிட அதிகக் காந்தத்தன்மை பிடிச்சுக்கும். சுத்தி இருக்கிற மண்ணுக்குப் பேலன்ஸ் பண்ணின மெஷினுக்கு அது வேறயாத் தெரியும். காசு சத்தம் சின்னதா, வெட்டினாப்புல இருக்கும். தொண்ணூறு டிகிரி திரும்பி நின்னு ஆட்டினாலும் அதே புள்ளியில வரும். செங்கல் சத்தம் பரவலா, வழவழன்னு இருக்கும். சொல்றது சுலபம். நாங்க பதினோரு செங்கல் துண்டு தோண்டின பிறகுதான் காது பழகுச்சு.

கடற்கரை வேற பிரச்சினை. ஈர மணல்ல உப்புத் தண்ணியே மின்சாரம் கடத்தும், அதோட ஃபேஸ் இரும்புத் தாதுவோட ஃபேஸ் இல்லை. கருமணலும் உப்பும் சேர்ந்து இருக்கிற இடத்துல ஒரே ஃப்ரீக்வென்சி மெஷின் ஒண்ணை மறைச்சா இன்னொண்ணு கத்தும். பல ஃப்ரீக்வென்சி மெஷினோ, பல்ஸ் இண்டக்ஷனோ வேணும். பல்ஸ் வகை ஒரு துடிப்பை அனுப்பிட்டு, சில மைக்ரோ செகண்ட் பொறுத்து, உப்போட எதிரொலி அடங்கின பிறகு கேக்கும். ஆணியையும் காசையும் பிரிச்சுச் சொல்றதுலதான் அது மக்கு.

இதுல தோத்தவங்க நாங்க மட்டும் இல்லைன்னு ஒரு ஆறுதல். 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டப்போ, உடம்புக்குள்ள குண்டு எங்கேன்னு தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு டிடெக்டர் செஞ்சு கொண்டுபோனார். படுக்கையில எஃகுக் கம்பிகள் இருந்ததால குழப்பமான சத்தம். போதாக்குறைக்கு, டாக்டர் தேடச் சொன்னது வலது பக்கம், குண்டு இருந்தது இடது பக்கம். டெலிபோன் கண்டுபிடிச்சவருக்கே படுக்கையை பேலன்ஸ் பண்ண முடியலை.

ஒரு எச்சரிக்கை. இதை எடுத்துக்கிட்டு மேடு, பாழடைஞ்ச கோயில், அடுத்தவங்க வயல்னு கிளம்பாதீங்க. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்குத் தெரிவிக்கணும். அந்தப் பத்து ரூபாய் வரம்பு இன்னும் மாறலை. கீழடி எங்க மாவட்டம்தான். ஒரு காசு எந்த அடுக்குல, எதோட சேர்ந்து கிடந்ததுங்கிறதை வெச்சுத்தான் அந்த இடத்தோட காலத்தைக் கணிக்கிறாங்க. பிடுங்கி எடுத்த காசு வெறும் உலோகம்.

எங்க கொல்லைக்கு வருவோம். மூணு லீவு, தொழுவம் இருந்த இடத்துல முக்கால்வாசி முடிஞ்சது. கிடைச்சது: ஆணி எக்கச்சக்கம், ஒரு மாட்டு லாடம், சிகரெட் ஃபாயில், விளிம்பு வளைஞ்சு வளைஞ்சு இருக்கிற பழைய அலுமினிய பத்து பைசா ஒண்ணு. தங்கக் காசு இல்லை. சுவரோரம் ஆணி நெருக்கமா இருக்கிறதால சின்ன காயில் வாங்கலாம்னு பேசிக்கிட்டு இருந்தோம். சின்ன காயில் ஆழம் போகாது, ஆனா ஆணியையும் காசையும் தனித்தனியாக் கேக்கும், மண்ணையும் கொஞ்சமாத்தான் பாக்கும்.

போன வாரம் அப்பத்தா போன்ல கூப்பிட்டாங்க. "ஏப்பு, ரோசிச்சுப் பாத்தா தொழுவத்துல இல்ல போல. அன்னைக்கு நான் கெணத்தடியிலதான் குளிச்சேன்."

கெணத்தடி மண்ணு வேற. மறுபடி முதல்ல இருந்து பேலன்ஸ் பண்ணணும்.