ஞாபக மாத்திரையும் வெற்று மாத்திரையும்

"இந்த மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து ஞாபகம் நன்றாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. ஒரே மாதிரியான நினைவாற்றல் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதினால் யாருக்கும் மதிப்பெண் ஏறும். பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் ஆய்வாளர்கள் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத, பார்வைக்கு அதேபோன்ற 'பிளசீபோ' மாத்திரையைத் தருகிறார்கள். அவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்கள் கூடுதலாகத் தேறினார்களா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பரங்களால் பிரபலமான 'பிரிவஜென்' என்ற ஞாபக மாத்திரை இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டது. ஒளிரும் ஜெல்லிமீன் ஒன்றில் கண்டறியப்பட்ட புரதம் அதன் மூலப்பொருள். புரதம் என்றால் வயிற்றில் செரித்துப்போகுமே, மூளைக்கு எப்படிப் போகும் என்ற சந்தேகம் முதலிலேயே எழ வேண்டும். தயாரிப்பாளரான குவின்சி பயோசயின்ஸ் 218 பேரிடம் 90 நாள் ஆய்வு நடத்தியது. கணினியில் ஒன்பது தேர்வுகள். பிளசீபோ குழுவைவிட மருந்துக் குழு புள்ளியியல் ரீதியாக முந்தியது என்று சொல்ல அவற்றில் ஒன்றுகூட இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. பங்கேற்றவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, முப்பதுக்கும் மேற்பட்ட மறு அலசல்கள் செய்தார்கள். இருபதில் ஒரு தடவை தற்செயலாகவே 'பலன்' தெரியலாம் என்பது வழக்கமான அளவுகோல். அப்படியானால் முப்பது தடவை துழாவினால் ஒன்றிரண்டு கையில் சிக்க வாய்ப்பு அதிகம். சிக்கியவை விளம்பரமாயின. முடிவைப் பார்த்த பிறகு கேள்வியை மாற்றுவது அறிவியல் ஆகாது. 2017-இல் அமெரிக்க வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநில அரசும் வழக்குப் போட்டன. நினைவாற்றலைக் கூட்டும் என்று விளம்பரம் செய்ய 2024 டிசம்பரில் நீதிமன்றம் தடை விதித்தது.

ஞாபகத்துக்கென்று விற்கப்படும் ஜிங்கோ இலைச் சாறு இன்னும் பெரிய சோதனையைச் சந்தித்தது. 75 வயதைக் கடந்த 3,069 பேரை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2008-இல் வெளியானது. மறதிநோய் வந்தவர்கள் ஜிங்கோ குழுவில் 277 பேர், பிளசீபோ குழுவில் 246 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான். ஆனால் ஜிங்கோ மறதிநோயைத் தடுக்கவில்லை என்பது தெளிவு.

வீட்டுப் பெரியவருக்கு மறதி கூடுகிறதென்றால் புட்டி வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு சுரப்புக் குறைவும் மறதியை உண்டாக்கும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது.